பதினேழு டிகிரிச் சரிவு

மதுரை தல்லாகுளத்தில் தரையை விட்டு எழும்பி, நத்தம் சாலைக்கு மேலேயே ஓடி, செட்டிக்குளம் பக்கம் இறங்குகிறது அந்த மேம்பாலம். நீளம் 7.3 கிலோமீட்டர். 2023 ஏப்ரல் 8 அன்று பிரதமர் அதைத் திறந்து வைத்தார். அதில் ஏறும்போது வயதான மாருதி 800 கூடத் திணறுவதில்லை. சமவெளிச் சாலைகளுக்கு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்திருக்கும் வழக்கமான சரிவு 30-க்கு 1. அதாவது 30 மீட்டர் முன்னே போனால் ஒரு மீட்டர் மேலே. மேம்பால ஏறுவழிகளும் பெரும்பாலும் இதை ஒட்டியே அமைகின்றன. டிகிரிக் கணக்கில் பார்த்தால் அது இரண்டைக்கூடத் தொடாது.

இதே கார் ஏற வேண்டிய இன்னொரு சரிவு இருக்கிறது. இரண்டு முழ நீளத்துக்குள் முடிந்துவிடும். ஒரு கையில் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு போய் கார் ஷெட்டின் மூலையில் சாத்தி வைத்துவிடலாம். வீட்டிலேயே காருக்கு ஆயில் மாற்ற நினைப்பவர்கள் வாங்கும் ரேம்ப் ஜோடி அது. முன்சக்கரங்கள் இரண்டையும் ஏற்றி நிறுத்துவதற்கான இரண்டு குட்டி மேடுகள். சந்தையில் கிடைப்பவற்றில் பலவும் ஏறத்தாழ 17 டிகிரி சாய்ந்தவை. அரை மீட்டருக்குச் சற்று மேலான தூரத்தில் சுமார் 17 சென்டிமீட்டர் உயர்பவை. சதவீதத்தில் சொன்னால் 30. மேம்பாலத்தின் வழக்கமான சரிவைவிட ஒன்பது மடங்கு செங்குத்து.

முப்பது சதவீதம் என்பது எவ்வளவு என்று உணர நீலகிரிக்குப் போக வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இல் ரயில் விட்டபோது, கல்லாறைத் தாண்டிய மலைப்பகுதியில் பாதை சுமார் 12-க்கு 1 என்ற அளவில் ஏறியது. எட்டு சதவீதம்தான். அதற்கே இரும்புச் சக்கரமும் இரும்புத் தண்டவாளமும் போதவில்லை. நடுவே பற்சட்டம் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்வி ஏறும்படி செய்ய வேண்டியிருந்தது. எஞ்சின் தன் எடையோடு பெட்டிகளின் எடையையும் சேர்த்துத் தள்ளியாக வேண்டுமே! 2018-இல் எகிப்தின் ஹட்நுப் குவாரியில் தொல்லியலாளர்கள் கண்டறிந்த, கூஃபு மன்னர் காலத்துக் கல் இழுக்கும் சாய்தளம் 20 சதவீதம் அல்லது அதற்கும் மேல் செங்குத்தானது. அதன் இரு ஓரங்களிலும் படிக்கட்டும், தூண் நட்ட குழிகளும் இருந்தன. கயிற்றைத் தூண்களில் சுற்றிப் பலர் சேர்ந்து இழுத்திருக்க வேண்டும்.

கார் ரேம்ப் இவை இரண்டையும்விடச் செங்குத்து. ஆனாலும் கிளட்சை மெதுவாக விட்டால் கார் ஏறிவிடுகிறது. ரப்பர் டயரின் பிடி ஒரு காரணம். ஏறுவது காரின் ஒரு முனை மட்டுமே என்பது இன்னொரு காரணம்.

எதற்காக ஏற்ற வேண்டும்? இந்தியச் சாலைகளில் ஓடும் சாதாரணக் கார்களின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் நடுவே 16 முதல் 18 சென்டிமீட்டர் இடைவெளிதான் இருக்கும். மல்லாந்து படுத்த ஒருவரின் மார்பு உயரம் அதைவிட அதிகம். தலையை நுழைத்தாலும் தோள் நுழையாது. தோள் நுழைந்தாலும் ஸ்பேனரைத் திருப்பக் கை மடங்காது. இன்னொரு 17 சென்டிமீட்டர் சேர்ந்தால் இடைவெளி இரட்டிப்பாகிவிடும். ஆயில் சேம்பரின் அடியிலிருக்கும் டிரெயின் போல்ட் கைக்கு எட்டும். சைலன்சர் குழாயில் துரு பிடித்திருக்கிறதா, ஆக்சில் ரப்பர் கிழிந்து கிரீஸ் கசிகிறதா, மழைக்காலப் பள்ளம் ஒன்றில் அடிவாங்கிய பிளாஸ்டிக் தடுப்பு தொங்குகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கலாம்.

பள்ளிப் பாடத்தில் எளிய இயந்திரங்கள் என்று ஆறைச் சொல்வார்கள்: நெம்புகோல், கப்பி, சக்கரமும் அச்சும், சாய்தளம், ஆப்பு, திருகு. இவற்றில் சாய்தளம் மட்டும் அசைவதே இல்லை. அது சும்மா கிடக்கிறது. மேலே ஏறுவதுதான் அசைகிறது. அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கை 1586-இல் சைமன் ஸ்டெவின் என்ற ஃபிளெமிஷ் பொறியாளர் ஒரு படத்தாலேயே விளக்கிவிட்டார். ஒரு பக்கம் நீண்ட சரிவு, மறுபக்கம் குட்டைச் சரிவு கொண்ட ஒரு முக்கோணக் கட்டை. அதன்மீது 14 குண்டுகள் கோத்த சங்கிலி வளையம். நீண்ட பக்கத்தில் குண்டுகள் அதிகம், குட்டைப் பக்கத்தில் குறைவு. சங்கிலி எந்தப் பக்கம் ஓடும்? ஓடத் தொடங்கினால் நிற்கவே நிற்காது. ஒவ்வொரு குண்டின் இடத்துக்கும் அடுத்த குண்டு வந்துகொண்டே இருக்கும். அப்படியொரு நிரந்தர ஓட்டம் நடக்க முடியாது, ஆகவே சங்கிலி அசையாது என்றார் ஸ்டெவின். நீண்ட சரிவின் நான்கு குண்டுகளைக் குட்டைச் சரிவின் இரண்டு குண்டுகள் சமன் செய்கின்றன என்றால், சரிவு நீள நீளத் தேவைப்படும் விசை குறைகிறது என்றே பொருள்.

கார் ரேம்பில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 900 கிலோ எடையுள்ள ஒரு சிறிய கார். எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்னால் இருப்பதால் அதில் சுமார் 60 சதவீதம், அதாவது 540 கிலோ, முன்சக்கரங்களின்மேல். நேராகத் தூக்கினால் 540 கிலோவையும் தூக்க வேண்டும். 17 டிகிரிச் சரிவில் ஏற்ற சுமார் 165 கிலோ எடைக்குச் சமமான விசை போதும். ஆனால் செய்து முடிக்கும் வேலையில் தள்ளுபடி இல்லை. எந்த வழியில் ஏற்றினாலும் 540 கிலோ 17 சென்டிமீட்டர் உயர 900 ஜூல் ஆற்றல் வேண்டும். அது 50 கிலோ அரிசி மூட்டை ஒன்றைத் தரையிலிருந்து ஆள் உயரத்துக்குத் தூக்கும் வேலைக்குச் சமம். எஞ்சினுக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

தூக்கும் வேலை இத்தோடு முடிந்தது. அடுத்தது தாங்கும் வேலை. காரின் அடியில் ஆள் படுத்திருக்கும்போது முக்கியமானது இந்த இரண்டாவது வேலைதான். ஜாக்கிக்கும் ரேம்புக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

2021 ஆகஸ்ட் 28. நத்தம் சாலை மேம்பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலம். நாராயணபுரம் அருகே, தூண்களின் மேலிருந்த கான்கிரீட் உத்தரம் ஒன்றை ஹைட்ராலிக் ஜாக்கியால் உயர்த்தி வேலை நடந்துகொண்டிருந்தபோது உத்தரம் சரிந்து விழுந்தது. தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். ஜாக்கி செயலிழந்ததே காரணம் என்று அப்போது சொல்லப்பட்டது. காரைத் தூக்கும் ஜாக்கியும் பாலத்தைத் தூக்கும் ஜாக்கியும் அளவில்தான் வேறு. இரண்டும் வேலை செய்வது பாஸ்கல் விதிப்படியே. ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறிய பிஸ்டனை அழுத்தினால், எண்ணெய் வழியே அந்த அழுத்தம் மூன்று சென்டிமீட்டர் விட்டமுள்ள பெரிய பிஸ்டனுக்குப் போய், விசை ஒன்பது மடங்காகிறது. எவ்வளவு நேரம் அந்தப் பெரிய பிஸ்டன் மேலேயே நிற்கும் என்பதை முடிவு செய்வது உள்ளிருக்கும் ஒரு ரப்பர் வளையமும் ஒரு வால்வும். வளையம் தேய்ந்தாலோ, வால்வில் தூசி சிக்கினாலோ எண்ணெய் திரும்பி ஓடும், சுமை இறங்கும். தூக்குவதற்காக வடிவமைத்த கருவியைத் தாங்கவும் நம்பும்போது, உயிர் அந்த வளையத்தின் பொறுப்பில் விடப்படுகிறது.

டிக்கியில் ஸ்டெப்னியோடு வரும் கத்தரி ஜாக்கி இந்த விஷயத்தில் மேல். அதில் எண்ணெய் இல்லை, திருகு இருக்கிறது. திருகு என்பது ஒரு கம்பியைச் சுற்றிய சாய்தளம்தான். அதன் சரிவு மிகவும் குறைவு. உராய்வு அதைவிட அதிகம். எனவே கைப்பிடியை விட்டாலும் தானாகச் சுழன்று இறங்காது. ஆனால் அதன் அடித்தளம் உள்ளங்கை அகலம்தான். கார் ஓர் அங்குலம் முன்னோ பின்னோ உருண்டால் ஜாக்கி பக்கவாட்டில் சாய்ந்துவிடும். டயர் மாற்றும் பத்து நிமிடத்துக்கு, காருக்கு வெளியே நின்று பயன்படுத்தச் செய்த கருவி அது. ஜாக்கியால் தூக்கியபின் இரும்பு ஸ்டாண்ட் கொடுத்துத் தாங்க வைக்காமல் அடியில் போகக்கூடாது என்று எல்லா வாகனக் கையேடுகளும் எச்சரிப்பது இதனால்தான்.

ரேம்பில் வளையம் இல்லை, வால்வு இல்லை, திருகு இல்லை. சுமை டயர் வழியே அகலமான மேடைக்கும், மேடையிலிருந்து தரைக்கும் நேராக இறங்குகிறது. காலப்போக்கில் ஒழுகி இறங்க எதுவுமில்லை.

மதுரைக்கு வாகனப் பராமரிப்பு புதிதல்ல. திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-இல் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனம், அடுத்த ஆண்டே மதுரையில் பேருந்து ஓட்டத் தொடங்கியது. சாலையில் கிடக்கும் ஆணிகள் டயரைக் குத்தாமலிருக்கக் காந்தம் பொருத்திய வண்டியை அனுப்பிப் பொறுக்க வைத்தார் என்ற கதையை மதுரைக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, கரியிலிருந்து கிடைக்கும் வாயுவில் வண்டியை ஓட்டும் கேஸ் பிளாண்ட்டை டி.வி.எஸ். தயாரித்தது. பேருந்தும் லாரியும் வளர்த்த இந்த மெக்கானிக் மரபில், வண்டிக்கு அடியில் வேலை செய்ய இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஆள் இறங்கி நிற்கும் பிட். மற்றொன்று, வாட்டர் சர்வீஸ் செய்யும் இடங்களில் கட்டியிருக்கும் சிமெண்ட் மேடை. இரண்டு இணைச் சரிவுகள். வண்டி மேலே ஏறி நிற்கும், கீழே தண்ணீர் பீய்ச்சுவார்கள். கையில் தூக்கிப்போகும் ரேம்ப் அந்தச் சிமெண்ட் மேடையின் குட்டி வடிவம்தான்.

வீட்டில் பிட் வெட்டலாமே என்று சிலர் நினைப்பதுண்டு. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. கசிந்தால் பள்ளத்தில் போய்த் தேங்கும். ஒரு பல்ப் உடைந்தாலும் தீப்பிடிக்கலாம். காற்றோட்டத்துக்கு வழி செய்யாத பிட் வீட்டுக்கு ஏற்றதல்ல.

இனி ரேம்பின் உண்மையான பலவீனத்துக்கு வரலாம். அது உடைவதைவிட வழுக்குவதே அதிகம்.

டயர் சரிவை அழுத்தும்போது கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை. சரிவுக்குச் செங்குத்தாக அழுத்துகிறது. அந்த விசையின் ஒரு பங்கு ரேம்பைத் தரையோடு சேர்த்து அமுக்குகிறது. இன்னொரு பங்கு அதை முன்னால் தள்ளுகிறது. 17 டிகிரியில், தள்ளும் பங்கு அமுக்கும் பங்கில் 30 சதவீதம். ரேம்பின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் நடுவேயுள்ள உராய்வுக் குணகம் 0.3-க்குக் குறைந்தால் ரேம்ப் ஓடிவிடும். சொரசொரப்பான சிமெண்ட் தரையில் ரப்பர் பட்டை ஒட்டிய ரேம்புக்கு இந்தக் கவலை இல்லை. உலர்ந்த கான்கிரீட்டில் ரப்பரின் குணகம் 0.7-ஐ ஒட்டி இருக்கும். வழவழப்பான டைல்ஸ் பதித்து, அதன்மேல் கோடைக்காற்று கொண்டுவந்த மெல்லிய புழுதி படிந்த கார் ஷெட்டில், ரப்பர் பட்டை இல்லாத வெறும் பிளாஸ்டிக் அடிப்பகுதிக்கு அந்த 0.3 கிடைப்பது நிச்சயமில்லை.

இந்தச் சூத்திரத்தின் வேலையை மதுரை ஆண்டுதோறும் சித்திரையில் கண்ணெதிரே பார்க்கிறது. மாசி வீதிகளில் மீனாட்சியம்மன் தேர் வரும்போது வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கில். தேரை நிறுத்துபவர்களோ சக்கரத்தருகே கட்டை போடும் ஒரு சிலர். சரிவான மரக்கட்டையைச் சக்கரத்தின் அடியில் செருகினால், சக்கரம் முன்னேற வேண்டுமானால் அந்தச் சரிவில் ஏறியாக வேண்டும். அதற்குத் தேவையான விசை வடத்தில் அந்த நேரத்தில் இல்லையென்றால் தேர் நிற்கிறது. ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் கட்டை கொடுத்தால் அந்தப் பக்கம் தாமதித்து, தேர் வீதி முனையில் திரும்புகிறது. ஒரே சாய்தளம் காருக்கு ஏணி, தேருக்கு பிரேக், ஸ்டியரிங்.

உராய்வு விதியில் ஒளிந்திருக்கும் ஒரு விஷயம் பலரை ஏமாற்றும். கார் கனமாக இருந்தால் ரேம்ப் நன்றாக அமுங்கி நிற்கும் என்று தோன்றும். அப்படியில்லை. சுமை இரட்டிப்பானால் பிடிக்கும் விசை இரட்டிப்பாகும். தள்ளும் விசையும் இரட்டிப்பாகும். விகிதம் மாறாது. ஆல்டோவுக்கு வழுக்கும் ரேம்ப் இன்னோவாவுக்கும் வழுக்கும். தீர்மானிப்பவை இரண்டே: சரிவின் கோணம், தரையின் தன்மை.

இதனால் ஒரு வசதியும் கிடைக்கிறது. காரே இல்லாமல் சோதித்துப் பார்த்துவிடலாம். வீட்டுத் தரையில் பதித்ததில் மிஞ்சிய டைல்ஸ் ஒன்றோ இரண்டோ மாடியில் கிடக்கும். அதை ஒரு பலகையின் மீது வைத்து, அதன்மேல் வெறும் ரேம்பை வைத்து, பலகையின் ஒரு முனையை மெதுவாக உயர்த்த வேண்டும். ஒரு மீட்டர் பலகையின் முனை 29 சென்டிமீட்டர் உயரும்போது சாய்வு 17 டிகிரி. அதற்குமுன்பே ரேம்ப் வழுக்கினால், காரின் அடியிலும் அது வழுக்கும். வழுக்காவிட்டால் டைல்ஸில் கொஞ்சம் புழுதி தூவியும், பிறகு ஒரு சொட்டு எண்ணெய் தடவியும் பார்க்கலாம். விடை மாறுவதைக் கண்ணாலேயே காணலாம்.

கார் எந்தச் சக்கரத்தால் ஓடுகிறது என்பதும் இதில் சேர்கிறது. மாருதி 800, ஆல்டோ, ஸ்விஃப்ட், ஐ20 போன்றவற்றில் எஞ்சின் முன்சக்கரங்களைச் சுழற்றுகிறது. அந்தச் சக்கரம் ரேம்பில் ஏறும்போது, தன் அழுத்தத்தால் ரேம்பை முன்னால் தள்ளுகிறது. சுழற்சியால் அதே ரேம்பைப் பின்னால் உதைக்கிறது. சீராக, மெதுவாக ஏறினால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். அவசரப்பட்டு ஆக்சிலேட்டரை மிதித்தால் உதைப்பு மிஞ்சி, ரேம்ப் காருக்கு அடியில் பின்னோக்கிப் பறக்கும். நடுவழியில் பிரேக்கை அழுத்தி மிதித்தால் உதைப்பு போய்த் தள்ளு மட்டும் மிஞ்சும். சிக்கலான கணம் தொடக்கம்தான்: டயரின் அடி இன்னும் தரையைப் பிடித்திருக்க, அதன் முகம் ரேம்பின் மூக்கைத் தள்ளும் அந்த ஒரு நொடி.

2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசடர், பழைய ஆம்னி, பொலேரோ ஆகியவை பின்சக்கரத்தால் ஓடுபவை. இவற்றின் முன்சக்கரம் சும்மா உருளும் சக்கரம். ரேம்பைப் பின்னால் உதைக்க அங்கே எதுவும் இல்லை. பின்னாலிருந்து வரும் விசை முழுவதும் ரேம்பை முன்னால் தள்ளுவதிலேயே வந்து சேரும். தேர்ச்சக்கரத்தின் நிலையும் இதுவே. முன்சக்கர இழுவைக் காருக்குப் போதுமானதாக இருந்த தரை, இவற்றுக்குப் போதாமல் போகலாம்.

இதற்கு அனுபவசாலிகள் கையாளும் ஓர் உத்தி உண்டு. கனமான ரப்பர் விரிப்பை ரேம்பின் அடியில் கொடுத்து, அது கார் வரும் பக்கமாக ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும்படி விடுவார்கள். டயர் முதலில் விரிப்பின்மேல் ஏறுகிறது, பிறகுதான் ரேம்பைத் தொடுகிறது. அந்த முதல் நொடியில் காரின் எடையே விரிப்பை அமுக்கிப் பிடித்துக்கொள்ள, விரிப்பு ரேம்பைப் பிடித்துக்கொள்கிறது.

ரேம்ப் வாங்குவானேன், நாலு பலகையை அடுக்கினால் ஆகாதா? பலகையைப் படிப்படியாக அடுக்கினால் சக்கரம் ஒவ்வொரு படியின் விளிம்பிலும் முட்டும். சிறிய காரின் சக்கர ஆரம் சுமார் 28 சென்டிமீட்டர். நான்கு சென்டிமீட்டர் படி ஒன்றில் அதை உருட்டி ஏற்ற, அதன் மேலுள்ள சுமையில் 60 சதவீதத்துக்குச் சமமான கிடைவிசை வேண்டும். 17 டிகிரிச் சரிவுக்கு வேண்டியதைப் போல இரண்டு மடங்கு. பலகையின் முனையைச் சாய்வாக இழைத்துவிட்டால் இந்தத் தொல்லை குறையும். கெட்டி மரம் அமுங்கும், முனகும், விரிசல் காட்டும். உடைவதற்கு முன் ஏதாவது ஓர் அடையாளம் தரும். ஹாலோ பிளாக் அப்படியல்ல. சுவரில் பரவலான சுமையைத் தாங்கும் அந்தக் கல், டயரோ ஜாக்கியோ ஓரிடத்தில் அழுத்தும்போது எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பிளக்கும். அடியில் ஆள் இருக்கும் காருக்கு அதையும் செங்கல்லையும் முட்டுக் கொடுக்கக் கூடாது.

பிளாஸ்டிக் ரேம்புக்கு வேறொரு எதிரி வெயில். சூரியனின் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுச் சங்கிலிகளை மெல்ல மெல்ல அறுக்கும். மொட்டைமாடியில் இரண்டு கோடை கிடந்த வாளியின் கைப்பிடி ஏன் திடீரென்று முறிகிறது என்பதற்கு விடையும் அதுவே. நிழலில் வைக்க வேண்டும். ஏற்றுவதற்குமுன் அடிப்பக்க விலா எலும்புகளில் வெள்ளை விரிசல் தெரிகிறதா என்று திருப்பிப் பார்க்க வேண்டும். பெட்டியில் அச்சிட்ட தாங்குதிறன் ஒரு ரேம்புக்கா, ஜோடிக்கா என்பதையும் படித்துப் பார்ப்பது நல்லது. முன்பக்கம் நீண்டு தாழ்ந்த செடான் என்றால், டயர் ரேம்பைத் தொடும் முன்பே பம்பர் தட்டுமா என்று அளந்துகொள்ள வேண்டும்.

கார் மேலே ஏறி, உச்சியிலுள்ள சமதளத்தில், அதன் முன்விளிம்புத் தடுப்பை டயர் லேசாகத் தொட நிற்கிறது. 2.4 மீட்டர் சக்கர இடைவெளியில் ஒரு முனை 17 சென்டிமீட்டர் உயர்ந்தால் கார் நான்கு டிகிரி சாய்ந்திருக்கும். பார்க்கும் யாருக்கும் அது பின்னோக்கி உருளத் தயாராக இருப்பதாகவே தோன்றும். விந்தை என்னவென்றால், அந்த நிலையில் காரைப் பின்னால் இழுக்கும் விசை பூஜ்யம். முன்சக்கரம் சமதளத்தில், பின்சக்கரமும் சமதளத்தில். சாய்ந்திருப்பது காரின் உடல் மட்டும். மேட்டுத் தெருவில் நிறுத்திய காருக்கு உருளும் துடிப்பு உண்டு, இதற்கு இல்லை.

ஆனால் அடியில் படுத்திருப்பவர் சும்மா இருக்கப்போவதில்லை. இறுகிய போல்ட்டை நீளமான ஸ்பேனரால் இழுப்பார், காரைக் குலுக்குவார். டயர் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் பின்னால் நகர்ந்தால் சமதளம் முடிந்து சரிவு தொடங்கிவிடும். தரையிலிருக்கும் பின்சக்கரங்கள்தான் அதைத் தடுக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களைத்தான் என்பதால், முன்பக்கத்தை ஏற்றும்போது அது உதவுகிறது. முன்சக்கர இழுவைக் காரை முதல் கியரில் விட்டால் முன்சக்கரங்களும் பூட்டிக்கொள்ளும். இவற்றுக்குமேல், இரண்டு பின்சக்கரங்களுக்கும் பின்னால் கட்டை வைக்க வேண்டும். பத்து சென்டிமீட்டர் உயரமுள்ள, நழுவாத கட்டையின்மேல் சக்கரம் ஏற வேண்டுமானால், அந்தச் சக்கரத்தின் மேலுள்ள எடையைவிட 20 சதவீதம் அதிகமான விசை தேவை. ஸ்பேனர் பிடித்த கை அதைத் தர முடியாது. மேட்டில் லாரி நின்றதும் கிளீனர் குதித்து ஓடிப்போய்ப் பின்சக்கரத்துக்குக் கல் வைப்பதிலும் இதே கணக்குதான்.

ரேம்பில் நிற்கும் காருக்கு ஜாக்கியில் கிடைக்காத ஒரு நன்மையும் உண்டு. ஜாக்கியில் தூக்கினால் சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும், சஸ்பென்ஷன் விரிந்துவிடும். ரேம்பில் சக்கரத்தின்மேலேயே எடை நிற்பதால் எல்லாம் சாலையில் ஓடும் நிலையிலேயே இருக்கும். சஸ்பென்ஷனின் லோயர் ஆர்மிலுள்ள ரப்பர் புஷ்களை இறுக்கும்போது இது முக்கியம். தொங்கும் நிலையில் இறுக்கினால், கார் இறங்கியதும் அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். அதே காரணத்தால் ரேம்பில் செய்ய முடியாத வேலைகளும் உண்டு. சக்கரத்தைக் கழற்ற முடியாது. எனவே பிரேக் பேட், டயர் மாற்றம் எல்லாம் ஜாக்கி, ஸ்டாண்டுக்கே. கியர் ஆயில் அளவு பார்ப்பதும் சாய்ந்த காரில் சரிவராது. டிரெயின் போல்ட் சேம்பரின் முன்பக்கம் இருக்கும் மாடல்களில், மூக்கைத் தூக்கினால் பழைய ஆயில் கொஞ்சம் பின்பக்கமே தேங்கிவிடும்.

டிரெயின் போல்ட்டை இறுக்கி, புது ஆயில் ஊற்றிய பிறகே காரை இறக்க வேண்டும். இறங்கும் வேலையில் அவசரம் கூடாது. அடியிலிருந்த தட்டு, ஸ்பேனர், பழைய துணி எல்லாம் வெளியே வர வேண்டும். கட்டைகளை எடுக்கும்முன் ஓட்டுபவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்திருக்க வேண்டும். பின் ரிவர்ஸ் கியரில், பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, ஊர்ந்து இறங்கலாம். தட்டில் பிடித்த மூன்று, நான்கு லிட்டர் கறுப்பு எண்ணெய் 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வருவது. அதில் தேய்மான உலோகத் துகளும் கரியும் கலந்திருக்கும். வாய்க்காலில் ஊற்றினால் மழையோடு அது வைகையைத் தேடிப் போகும். மூடியுள்ள கேனில் ஊற்றி, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் சர்வீஸ் நிலையத்தில் கொடுத்துவிடலாம். கார் இறங்கியபின் எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, புது ஆயில் மேலேயிருந்து சேம்பருக்கு வடிந்து இறங்கச் சற்று நேரம் கொடுத்து, சமதளத்தில் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தால் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவே ஆயில் நிற்க வேண்டும்.